கொள்ளைநோயும் படப்புத்தகமும்: கம்பம் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டவை

பெருந்தொற்று ஒன்றைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பதற்கென்றே படப்புத்தகம் செய்யும் வழக்கம் 2020ஆம் ஆண்டில்தான் உலகம் முழுக்கப் பரவியது. பெரியம்மையும் காலராவும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலங்களில் அப்படி எதுவும் வரவில்லை. அச்சகம் இல்லாதது இதற்குக் காரணமல்ல. பிள்ளைகளுக்காகவே படங்களோடு அமைந்த முதல் நூல் என்று சொல்லப்படும் கொமேனியஸின் ‘ஆர்பிஸ் பிக்டஸ்’ 1658இலேயே வந்துவிட்டது. தமிழில் சிறுவர் இதழ்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. ‘அம்புலிமாமா’ 1947இல் படங்களோடு வீடுகளுக்குள் நுழைந்தது. ஆட்களும் இருந்தார்கள், தாளும் இருந்தது. நோய்க்காலத்தில் பிள்ளை என்ன செய்யக்கூடாது என்று சொன்னால் போதும், என்ன நடக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை என்பதே பெரியவர்களின் எண்ணமாக இருந்தது. உத்தமபாளையத்தைச் சுற்றியுள்ள கம்பம் பள்ளத்தாக்கில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வந்துபோன நோய்களை வரிசையாகப் பார்த்தால், இந்த எண்ணம் எப்படி மெல்ல மாறியது என்பது தெரியும்.

மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு இது. முல்லையாறு ஓடுகிறது, மேற்கே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்தோடு தொடர்பு. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு நெல்வயல்கள் பெருகின. மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வருவது வாழ்க்கையின் பகுதியானது. ஆளும் தானியமும் ஓயாமல் நடமாடும் இடத்தில் நோயும் நடமாடும். அணை கட்டிய தொழிலாளர்களில் காலராவாலும் காய்ச்சலாலும் இறந்தவர்கள் பலர்.

இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் முதலில் அறிந்த தொற்றுநோய்ப் பாடம் அம்மை. வீட்டில் ஒருவருக்கு முத்துப் போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். அடுப்பில் தாளிப்பு நின்றுவிடும். வெளியாள் உள்ளே வரக்கூடாது. அந்த வீட்டார் பிற வீடுகளுக்குப் போகமாட்டார்கள். முத்து இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று கணக்கு உண்டு. மூன்றாவது முடிந்த பிறகே பிள்ளை தெருவுக்கு வரலாம். கூர்ந்து பார்த்தால் இது ஒரு தனிமைப்படுத்தல் முறை. அம்மையை நோய் என்ற சொல்லால் குறிப்பதே இல்லை. ‘ஆத்தா வந்திருக்கா’ என்பதே பேச்சு. பிள்ளைக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான், ஆனால் அது பிள்ளையைக் குற்றவாளியாக்காத விளக்கம். வீட்டுக்கு வந்திருக்கும் தாயிடம் மரியாதையாக நடந்துகொள்ளவேண்டும் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். பிற்காலத்துப் படப்புத்தகங்கள் பல பக்கம் செலவழித்துச் சொல்ல முயன்றதை இந்த ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது.

இதில் படமும் இருந்தது. மதுரை, தேனி வட்டார மாரியம்மன் கோயில்களில் அம்மை கண்டவர்கள் நேர்ந்துகொண்டு எடுக்கும் ஆயிரங்கண் பானையில் சுற்றிலும் துளைகள் இருக்கும். உள்ளே விளக்கேற்றினால் ஒவ்வொரு துளையிலும் வெளிச்சம் தெரியும். உடம்பெங்கும் அம்மை முத்துகள் நிறைந்திருப்பதை ஒரு மண்பானையில் காட்டும் வேலை அது. தேனிக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையே வீரபாண்டியில் முல்லையாற்றங்கரையில் இருக்கும் கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கப் பள்ளத்தாக்கு முழுவதும் திரளும். பார்வை இழந்த பாண்டிய மன்னன் அம்மனை வழிபட்டுப் பார்வை பெற்றதாகக் கோயிலின் கதை சொல்கிறது. நோய், நேர்த்தி, குணம் என்ற வரிசையைப் பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கவில்லை. தோளில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அம்மைக்குத் தடுப்பு முறை சென்னை மாகாணத்துக்கு 1802இல் வந்தது. ‘அம்மைப்பால் வைப்பது’ என்று மக்கள் அழைத்த இந்த முறையை ஏற்கவைப்பது எளிதாக இல்லை. திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து உரை எழுதிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் இதற்காகத் தமிழில் ஒரு கதையே எழுதினார். சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடலாக அமைந்தது அது. பசுவிடமிருந்து கிடைக்கும் இந்த மருந்து தெய்வத்தின் கொடைதான் என்று புராண நடையில் சொன்னது. அரசு அதிகாரி ஒருவர் சுகாதாரச் செய்தியைக் கதையாக்கித் தமிழில் தந்த மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. ஆனால் அது பெரியவர்களை நோக்கியது. ஊசி ஏறியது என்னவோ பிள்ளைகளின் கையில். அம்மை குத்துபவர் தெருமுனையில் தெரிந்ததும் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பிள்ளைகளுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை.

அடுத்தது பிளேக். 1896இல் பம்பாயில் தொடங்கி, 1897இல் தொற்றுநோய்ச் சட்டம் வரக் காரணமான நோய் இது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியை அது லேசாகவே தொட்டது. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் வந்து தங்கிவிட்டது. இங்கே அது ஏன் ஆண்டுதோறும் திரும்ப வருகிறது என்று கண்டறியவே தனி ஆய்வு நடந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்ற இருவர் எலிகளையும் அவற்றின் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகளையும் தட்பவெப்பத்தையும் ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1934இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பிளேக் கிருமி முதலில் எலியைக் கொல்கிறது. எலி செத்ததும் தெள்ளு பசியோடு மனிதனைத் தேடி வருகிறது. கடும் வெயிலில் தெள்ளு அதிக நாள் தாங்காது. மலையடிவாரத்தின் மிதமான சூடும் ஈரப்பதமும் அதற்குத் தோதானவை. வீட்டுக்குள்ளேயே தானியம் சேர்த்துவைக்கும் பழக்கம் எலிக்குத் தோதானது.

பிளேக்கைப் பற்றிப் பிள்ளைகள் அறியவேண்டிய விதி ஒன்றே ஒன்று: வீட்டில் எலி செத்து விழுந்தால் தொடாதே, பெரியவர்களிடம் சொல். அன்றைய நடைமுறைப்படி எலி விழுந்த வீட்டைக் காலிசெய்து ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்குவார்கள். வீட்டு மூலை முடுக்கெல்லாம் ஓடித்திரியும் பிள்ளையின் கண்ணில்தான் செத்த எலி முதலில் படும். ஆக, பிளேக் காலத்தில் பிள்ளை ஓர் ஒற்றர். தகவல் தருவது அதன் வேலை, பெறுவது அல்ல.

1920களிலும் 30களிலும் மாகாணச் சுகாதாரத் துறை ஊர் ஊராக மாஜிக் லாந்தர் காட்டியது. வெள்ளைத் துணியில் ஈயும் கொசுவும் எலியும் ஆள் உயரத்துக்குப் பெரிதாகித் தெரியும். பக்கத்தில் நின்று ஒருவர் விளக்குவார். கூட்டத்தின் முன்வரிசையில் பிள்ளைகளே உட்கார்ந்திருப்பார்கள் என்றாலும் பேச்சு பின்வரிசையைப் பார்த்தே நடந்தது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆளுயரக் கொசுவைத் துணியில் பார்த்துவிட்டு, ‘எங்கள் ஊரில் இவ்வளவு பெரிய கொசு இல்லை, அதனால் எங்களுக்குப் பயமில்லை’ என்று ஊர்க்காரர்கள் சொன்னதாக ஒரு வேடிக்கைக் கதை பல நாடுகளின் சுகாதாரப் பணியாளர்களிடையே உலவுகிறது. நடந்ததோ இல்லையோ, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டுவதில் உள்ள ஆபத்தை அது சரியாகவே பிடித்திருக்கிறது. கொரோனாப் படப்புத்தகங்கள் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான்.

பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் பிள்ளைகளின் கண்ணெதிரே ஒரு படம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் அச்சிட்ட அடையாள அட்டை அது. அம்மை முத்துகள் முகத்திலும் கைகால்களிலும் நிறைந்த ஒரு குழந்தையின் வண்ணப் புகைப்படம் அதில் இருக்கும். முதலில் இந்தோனேசியாவில் பயன்பட்டது. பிறகு இந்தியாவில் 1973 முதல் நடந்த வீடு வீடான தேடுதலில் உத்தரப் பிரதேசம், பிகார் போன்ற மாநிலங்களில் ஊழியர்கள் அதைத் தூக்கிக் காட்டி, ‘இப்படி யாரையாவது பார்த்தீர்களா?’ என்று கேட்டார்கள். கேட்பதற்கு மிகச் சரியான இடம் பள்ளிக்கூடம் என்று விரைவிலேயே கண்டுகொண்டார்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், மறைக்கவும் தெரியாது. புது நோயாளியைக் காட்டிக்கொடுத்தவருக்குப் பரிசுத்தொகை 1975இல் 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. அந்த ஆண்டு மே மாதத்தோடு நாட்டில் பெரியம்மை முடிந்தது. தமிழ்நாட்டில் அது முன்னதாகவே அடங்கிவிட்டது. பிள்ளைகளை மதித்த படம் என்று அந்த அட்டையைச் சொல்லலாம். ஆனாலும் அது கேள்வி கேட்கும் படம். பதில் சொல்லும் படம் அல்ல.

பதில் சொல்லும் படங்கள் வருவதற்கு முன்பே அவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் உருவாகியிருந்தார்கள். 1957இல் நேஷனல் புக் டிரஸ்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் தொடங்கின. சோவியத் நாட்டின் வழவழப்பான படக்கதைகள் மலிவு விலையில் தமிழில் கிடைத்தன. சென்னையில் 1994இல் தாராவும் 1996இல் தூலிகாவும் வந்தன. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையத்தளத்தைத் திறந்தது. அதில் உள்ள கதையை யாரும் தங்கள் மொழிக்கு மாற்றலாம், படங்களை எடுத்து வேறு கதை செய்யலாம், அச்சிடலாம். 2020இல் இந்தக் கடைசி ஏற்பாட்டுக்கு எதிர்பாராத பயன் வந்தது.

தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. 25ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு. உத்தமபாளையம் வட்டாரத்தில் ஏலத்தோட்ட ஜீப்புகள் நின்றன. குமுளியில் சோதனைச்சாவடி அடைபட்டது. வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா அந்த ஆண்டு நடக்கவில்லை. நோயைத் தணிக்க எடுக்கும் தீச்சட்டியையே நோய் நிறுத்திவிட்டது. ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் மறுபடி வகுப்பறைக்குள் போனது 2021 நவம்பர் 1ஆம் தேதி. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்குக் கொரோனாவைப் பற்றி முதலில் கிடைத்த பெரும் காட்சி புத்தகத்தில் இல்லை, தொலைக்காட்சியில் இருந்தது. சென்னையில் காவல் ஆய்வாளர் ராஜேஷ் பாபு ஓவியர் கௌதம் செய்துகொடுத்த கொரோனா ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வாகன ஓட்டிகளை மறித்தார். பழைய ஹெல்மெட்டும் காகிதமும் கொண்டு செய்த அந்தச் சிவப்பு முட்கள் உலகச் செய்திகளில் வந்தன. பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்புவதே அதன் நோக்கம். பூச்சாண்டி காட்டுவதன் காவல்துறைப் பதிப்பு என்று சொன்னால் தப்பில்லை.

அந்த முட்பந்தின் உருவமும் ஒரு ஓவியக்கூடத்திலிருந்தே புறப்பட்டது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் மருத்துவ ஓவியர்கள் அலிசா எக்கர்ட்டும் டான் ஹிக்கின்ஸும் 2020 ஜனவரியில் சாம்பல்நிறப் பந்தில் சிவப்பு முட்களை நட்டு வரைந்தார்கள். கொரோனா வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. எனவே அதற்கு நிறமே கிடையாது. சிவப்பு, எச்சரிக்கைக்காக ஓவியர்கள் தேர்ந்தது. பிள்ளைகளுக்கான ஓவியர்கள் இந்தப் பந்தை எடுத்து அதற்குக் கண்ணும் வாயும் வைத்தார்கள். அந்த முகம் எப்படி இருக்கவேண்டும் என்பது சின்ன விஷயம் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு புத்தகத்தின் குணத்தையும் முடிவு செய்தது அதுவே. பல்லைக் கடிக்கும் முகம் என்றால் பிள்ளை இரவில் தூங்காது. சிரிக்கும் முகம் என்றால் கையை ஏன் கழுவவேண்டும் என்று கேட்கும். கொலம்பியா உளவியலாளர் மானுவேலா மோலினா மார்ச் மாதமே வெளியிட்ட சிறு நூலில் வைரஸே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது, சளிக்காய்ச்சலின் உறவுக்காரன் என்று. சண்டிகரின் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தையும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ரவீந்திர கைவால், சுமன் மோர் இருவரும் உருவாக்கி, மத்திய சுகாதார அமைச்சகம் பரப்பிய காமிக்ஸில் வாயு என்ற சூப்பர் ஹீரோ பிள்ளைகளிடம் பேசுகிறார். காற்று மாசைப் பற்றிச் சொல்ல ஏற்கெனவே உருவான பாத்திரம் அது. அவசரத்துக்குக் கொரோனாப் பணிக்கு மாற்றப்பட்டார்.

அதிக மொழிகளுக்குப் போனது ‘மை ஹீரோ இஸ் யூ’. ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்த நிலைக்குழுவுக்காக ஹெலன் படக் எழுதி வரைந்தது, 2020 ஏப்ரலில் வெளிவந்தது, தமிழிலும் கிடைக்கிறது. எழுதுவதற்கு முன் 104 நாடுகளில் 1,700க்கும் மேற்பட்ட பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர்களிடம் என்ன பயம், எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சாரா என்ற சிறுமி, அறிவியலாளரான தாயிடம் வைரஸ் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்று பதில் வருகிறது. பிறகு ஆரியோ என்ற பறக்கும் விலங்கின் முதுகில் ஏறி நாடு நாடாகப் போய்ப் பிள்ளைகளைச் சந்திக்கிறாள். அவர்களில் ஒருத்தி அகதி முகாமில் இருப்பவள். வைரஸை வில்லனாக வரையும் தொல்லையிலிருந்து இந்த நூல் தப்பித்துக்கொண்டது, வைரஸை விட்டுப் பிள்ளைகளின் பயத்தைப் பற்றிப் பேசியதால். அதே மாதம் பிரிட்டனில் ‘கிரஃபலோ’ படப்புத்தகத்தின் ஓவியர் ஆக்ஸல் ஷெஃப்ளர் படம் வரைந்த கேள்வி-பதில் நூலை நோசி குரோ பதிப்பகம் இலவசமாக வெளியிட்டது. லண்டன் சுகாதாரப் பள்ளியின் தொற்றியல் பேராசிரியர் கிரஹாம் மெட்லி சரிபார்த்தார். இந்தியாவில் பிரதம் புக்ஸின் ‘நாவல் கொரோனாவைரஸ்: வி கேன் ஸ்டே சேஃப்’ பல எழுத்தாளர்களும் ஓவியர்களும் தூரத்தூர இருந்துகொண்டே சேர்ந்து செய்தது.

சாதாரணமாகப் படப்புத்தகம் ஒன்று உருவாக ஓராண்டாவது ஆகும். 16 பக்கம் கொண்ட ஃபாரம் இரண்டு சேர்ந்தால் 32 பக்கம். அதற்குள் கதையை அடக்கி, திரும்பத் திரும்ப வரைந்து, பிள்ளைகளிடம் படித்துக்காட்டித் திருத்துவார்கள். 2020இல் எல்லாம் வாரக்கணக்கில் முடிந்தது. அச்சுக்குப் போகாமல் பிடிஎஃப் கோப்பாகப் போனதால் 32 பக்கக் கணக்கும் தேவைப்படவில்லை. அவசரத்தின் தடயங்கள் இன்றும் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. மார்ச் மாதத்தில் செய்தவற்றில் முகக்கவசம் பெரும்பாலும் நோயாளிக்கு மட்டும். இந்திய அரசு வீட்டில் தைத்த கவசம் போடுமாறு சொன்னது ஏப்ரல் தொடக்கத்தில். உலக சுகாதார நிறுவனம் பொது இடங்களில் துணிக்கவசத்தைப் பரிந்துரைத்தது ஜூன் 5ஆம் தேதி. முதல் புத்தகங்கள் கை கழுவுவதற்கும் கைப்பிடியைத் தொடாமல் இருப்பதற்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கின. மூடிய அறையின் காற்று ஆபத்து என்பது பின்னால்தான் அழுத்தம் பெற்றது. தட்டுத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்தால் தூள் விலகி ஓடும் சோதனையும் அப்போது பிரபலம். பார்க்க அழகு, ஆனால் அது காட்டுவது நீரின் பரப்பு இழுவிசையை. சோப்பு வைரஸின் கொழுப்புறையைக் கரைக்கிறது என்பது வேறு விஷயம்.

இந்தப் புத்தகங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தவிதம் இன்னொரு குறையைக் காட்டியது. அப்பாவின் கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியாக வந்த பிடிஎஃப், ஆறு அங்குலத் திரையில், ஒரு பக்கத்தில் நாலு வரி. பிள்ளையின் மடியில் விரித்துவைக்க முடியாத படப்புத்தகம் பாதிப் புத்தகம்தான். படங்களில் இருந்த வீடோ சோபாவும் தனி அறையும் கொண்டது. ‘உன் அறையில் விளையாடு’ என்ற அறிவுரை ஒற்றை அறை வீட்டில் அர்த்தம் இழந்துவிடும். அப்பா மடிக்கணினியில் வேலை பார்க்கும் படம் இருந்தது. எல்லை அடைத்ததால் ஏலத்தோட்டத்துக்குப் போகமுடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் படம் இல்லை. அவள் ஏன் போகவில்லை என்பதே உத்தமபாளையத்துப் பிள்ளைக்கு முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

பெரும்பாலோர் தவிர்த்த பக்கம் சாவு. பெரும்பாலான நூல்கள் ‘சிலருக்கு உடம்பு ரொம்ப முடியாமல் போகும்’ என்ற இடத்தோடு நின்றுகொண்டன. பிள்ளைகளைப் பயமுறுத்தக்கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் 2021இன் இரண்டாம் அலையில் பிள்ளைகள் சாவை வீட்டுக்குள்ளேயே பார்த்தார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி என்று தமிழ்நாடு அரசு மே மாதம் அறிவிக்கவேண்டி வந்தது. ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்த ஊரின் பிள்ளைகளுக்கு உறைபோட்டுக் கட்டிய உடலும், யாரும் அழ வராத அடக்கமும் புதியவை. அவற்றைப் பற்றிப் பேசக்கூடிய படப்புத்தகம் அந்த நேரத்தில் தமிழில் கைக்கு எட்டும்படி இருக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் பழைய வழக்கம் புதியதைவிட நேர்மையாக இருந்தது: ஆத்தா சில பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று அது ஒளிக்காமல் சொன்னது.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி பிள்ளைகளைத் தெருத்தெருவாகத் திரட்டிய மாலை வகுப்பு. படங்களும் கதைகளும் அங்கே தாராளமாகப் புழங்கின, ஆனால் அப்போது எல்லாருடைய கவலையும் விட்டுப்போன எழுத்தும் கணக்குமாக இருந்தது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தடுப்பூசி 2022 மார்ச்சில் பள்ளிகளுக்கே வந்தபோது கொரோனாப் புத்தகங்களின் காலம் முடிந்திருந்தது. அவை இன்றும் இணையத்தில் இருக்கின்றன. ஸ்டோரிவீவரில் உள்ளவற்றை உத்தமபாளையத்து ஆசிரியர் ஒருவர் இப்போதும் எடுத்து, உரையைப் பள்ளத்தாக்கின் பேச்சுக்கு மாற்றி, கவசத்தையும் காற்றையும் பற்றிய பக்கங்களைத் திருத்தி, ஜீப்பையும் சோதனைச்சாவடியையும் தானே வரைந்து சேர்த்து, நகலகத்தில் அச்சிட்டுத் தைத்துக்கொள்ளலாம். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது.